நடமாடும் ஒலிபெருக்கி, ஒன்று

நாளொன்றுக்கு நாலாயிரம் ரூபாய்.
ரெட்டோவின் ஆங்கிலத்தை வீரையடிக்குளத்துக்கும்
வீரையடிக்குளத்தின் தமிழைக் கொஞ்சம் குறைத்து
ரெட்டோவுக்கும் கடத்துவது என் வேலை.

முதல் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில்.
மேசையில் விரித்த வரைபடத்தில்
வெள்ளம் ஏறக்கூடிய வயலெல்லாம் ஊதா.
"ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தால்
எந்தப் பாதையால் போவீர்கள்,
என்னென்ன எடுப்பீர்கள், கேள்" என்றான்.
கேட்டேன்.
கதிரைகள் கிரீச்சிட்டன.
பின்வரிசையில் யாரோ சிரிக்க
மண்டபம் முழுக்கச் சிரித்தது.
"என்னவாம்?"
அனுபவம் இருக்கிறதாம், என்றேன்.

குளக்கட்டில் கம்பம் நட்டார்கள்.
நீர்மட்டம் பார்க்க ஒரு கண்,
சூரியத் தகடு, மூன்று கொடிகள் ஒட்டிய பலகை.
தண்ணீர் ஓரங்குலம் ஏறினால்
கம்பம் கொழும்புக்குச் சொல்லும்,
கொழும்பு மாவட்டத்துக்கு,
மாவட்டம் எங்களுக்கு, சிங்களத்தில்.
அதற்குள் வான்கதவடியில் தூண்டில் போடும் பொடியன்
இரண்டு விரால் பிடித்துவிடுவான்.

சைரனைச் சோதித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை.
முதல்நாளே துண்டுப்பிரசுரம் கொடுத்திருந்தோம்.
இருந்தும்
அந்த ஊளை எழுந்து வளைந்தபோது
வயலில் நின்றவர்களைக் காணவில்லை,
வரம்போடு வரம்பாய்க் கிடந்தார்கள்.
மதகுக்குள் போன நாகபூரணி
பின்னேரம் வரை வெளியே வரவில்லை.
என் முழங்காலிலும் சேறு.
எப்போது குனிந்தேன், தெரியாது.
ரெட்டோ மட்டும் நிமிர்ந்து நின்றான்.
கையிலிருந்த கருவி
நூற்றுப்பத்து என்று காட்டியது.

அன்றிரவு வரைபடத்தில்
அந்த மதகைத் தேடி வட்டமிட்டான்.
வெள்ளம் முதலில் நுழையும் வாய் அது.

அடுத்த கூட்டத்தில் கேள்வியை மாற்றினான்:
"எந்தச் சத்தம் கேட்டால் வெளியே வருவீர்கள்?"
ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன்.
மணி என்றார் ஒருவர்.
மாதாகோயில் மணி செத்தவீட்டுக்கும் அடிக்குதே
என்றார் இன்னொருவர்.
தாயின் மடியில் நித்திரை தூங்கிய டிலக்சன்
கண்ணைத் திறக்காமலே சொன்னான்:
பாண் ஓட்டோ.

பேர்ண் நகரத்தில் யாரோ
மூன்று தடவை திருப்பியனுப்பி
நாலாம் தடவை கையெழுத்திட்ட வரி
இப்படி முடிந்தது:
நடமாடும் ஒலிபெருக்கி, ஒன்று.
ஓட்டுநர் மரியநேசன், மாங்குளம்.

மார்கழி. இரவு ஒன்றே முக்கால்.
கம்பம் பொய் சொல்லவில்லை.
இரவு ஒன்பதேகாலான பேர்ணில்
ரெட்டோவின் கைப்பேசி அலற
அவன் என்னை எடுத்தான்.
நான் மரியநேசனை எடுத்தேன்.
பேக்கரி வாசலில் பாண் ஏற்றிக்கொண்டு நின்றவன்
அப்படியே திருப்பினான்.
கொழும்புச் செய்தி வர நாலு மணியானது.

அந்த மெட்டு,
அந்த நேரத்தில், அந்த மழைக்குள்.
கதவுகள் திறந்தன.
சிலர் சில்லறையோடு வந்தார்கள்.
"இந்நேரத்திலை பாணோ?" என்று
குடையை விரித்த நாகபூரணியின்
காலடிக்கு வந்து நின்றது குளம்.

நூற்றுப்பதினாறு குடும்பங்கள் பள்ளிக்கூடம் சேர்ந்தன.
மாடுகள் பதினொன்று போயின.
வேறு சாவில்லை.
ஆண்டறிக்கையில் நீலப் பெட்டிக்குள் படத்தோடு வந்தோம்.

பெட்டிக்கு வெளியே ஒரு பற்றுச்சீட்டு:
அறுபது றாத்தல் பாண்,
சீனிப்பணிஸ் நாற்பது,
பள்ளிக்கூடத்தில் பங்கிட்டது.
தகுதியற்ற செலவு என்று திரும்பி வந்தது.
அதற்கு மெதுவான ஒரு தமிழ்ச் சொல் தேடி
கிடைக்காமல், அப்படியே சொன்னேன்.

மரியநேசன் தலையாட்டினான்.
ஒரு பணிஸ் எடுத்து நீட்டினான், காசு வேண்டாமென்றான்.
ஓட்டோ நகர்ந்தபோது மெட்டு வரவில்லை.
கையால் ஹோர்னை அமத்தி அமத்திப் போனான்.
ஏன் என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதைப் போட்டால் அக்கா,
சனம் பாயைச் சுருட்டுது.
பாண் வாங்குதில்லை."